கண்டதும் கொண்டதும்

தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் பணியாற்றிய எவரும் ஒருமுறையேனும் எதிர்கொண்டிருக்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, பேய் உண்டா?" என்பதே அது. மழை பெய்து வகுப்பறை இருண்டிருக்கும் வேளையில்தான் இவ்வினா பெரும்பாலும் எழும். இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அஃது இடையூறாகத் தோன்றலாம். ஆனால் அந்நேரத்தில் மாணவர் முகங்களில் மலரும் ஆர்வத்தைப் புணர்ச்சி விதிகள் ஒருநாளும் பெற்றதில்லை.

இவ்வினாவுக்கு நாம் வழக்கமாக இறுக்கும் விடைகள் இரண்டு. "பேயாவது, பிசாசாவது! எல்லாம் மூடநம்பிக்கை, பாடத்தைப் பார்" என்பது ஒன்று. "உண்டு, ஆகையால் அந்திக்குப் பின் வெளியே சுற்றாதே" என்பது மற்றொன்று. முன்னது அறிவின் குரல்போல் ஒலிக்கிறது. பின்னது அக்கறையின் குரல்போல் ஒலிக்கிறது. ஆயினும் இரண்டும் கேட்ட பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றன. பேய்க்கதை சொல்லிச் சிறுவரை அடக்கும் பெரியவர்களைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் தம் பாட்டில் கண்டித்தார். 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' திரைப்படத்தின் வாயிலாக அப்பாடல் மலாயாத் தோட்டங்களின் திறந்தவெளித் திரைகள் வரை எட்டியது. இருந்தும் பேயைக் காவற்காரனாக நிறுத்திப் பிள்ளை வளர்க்கும் வழக்கம் நம்மை விட்டு முற்றும் அகலவில்லை.

பேய் உண்டா இல்லையா என்பது ஒரு வினா. "பேயைக் கண்டேன்" என்று ஒருவர் நம்மிடம் வந்து சொல்லும்போது அவர்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை யாது என்பது வேறொரு வினா. முதல் வினாவைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இரண்டாம் வினாவோ அறம் பற்றியது. ஆசிரியர்க்கு மிக நெருங்கியது. இக்கட்டுரை அதனையே ஆராய முற்படுகிறது.

"பேயைக் கண்டேன்" என்னும் சொல்லில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, அவர் கண்டது. மற்றொன்று, அதனை இன்னதென்று அவர் மனம் கொண்டது. கண்டது அனுபவம், கொண்டது விளக்கம். நம்புவோர், கண்டதன் பொருட்டுக் கொண்டதையும் சேர்த்து ஏற்றுக்கொள்கின்றனர். மறுப்போர், கொண்டது பிழை என்பதற்காகக் கண்டதையும் சேர்த்துத் தள்ளுகின்றனர். இருசாராரும் செய்யும் பிழை ஒன்றுதான்.

திருக்குறளிலும் பேய் வருகிறது. புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உலகத்தார் உண்டென்பதை இல்லையென்று மறுப்பவனை 'அலகை'யாகக் கருதுமாறு வள்ளுவர் சொல்கிறார். அலகையாவது பேய். பேயை மறுப்போர்மீது இக்குறளை எடுத்து வீசுவோர் உளர். ஆனால் அதே வள்ளுவர்தான் மெய்யுணர்தலிலும் அறிவுடைமையிலும், ஒரு பொருள் எவ்வாறு தோன்றினாலும், அதனை யார் சொல்லக் கேட்டாலும், உள்ளிருக்கும் மெய்யைத் தேடிக் காண்பதே அறிவு என்று இருமுறை வலியுறுத்துகிறார். ஊரார் சொல்வதை எள்ளித் தள்ளாதே. ஆராயாமல் கொள்ளவும் செய்யாதே. இவ்விரண்டையும் இணைத்துக் கற்பவனே வள்ளுவரைக் கற்றவன் ஆவான்.

தொண்ணூற்றொன்பது கதவுகள்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்பால் நிபோங் திபால் வட்டாரம் உள்ளது. பைராம் தோட்டமும் கலிடோனியா தோட்டமும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. முதலில் கரும்பு, பின்னர் இரப்பர், அதன்பின் செம்பனை என மூன்று பயிர்களை இம்மண் கண்டது. மூன்றுக்கும் வியர்வை சிந்தியவர்களுள் தமிழரே மிகுதி. பைராம் என்னும் பெயர் நம் மண்ணில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்தார்க்கு உரியதாயிருந்த இடத்தின் பெயர் அது. இவ்வட்டாரத் தோட்டங்கள் அக்குடும்பத்தின் உடைமையானபோது, பெயரும் கடல் கடந்து வந்து இங்கு நிலைத்தது.

கலிடோனியாவில், 'தொண்ணூற்றொன்பது கதவு வீடு' என்று மக்கள் அழைக்கும் பழைய துரை பங்களா ஒன்று உண்டு. 1948 ஜூன் மாதத்தில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே திங்களில், ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் என்னும் தோட்ட முதலாளி கலிடோனியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாளடைவில் பங்களா வெறுமையாகிப் பாழடைந்தது. பாழடைந்த வீட்டில் கதை குடியேறுவது இயல்பு. போமோ ஒருவர் அங்குத் தங்கி ஆவிகளை வரவழைத்தார் என்றனர். கண்ணுக்குப் புலப்படாத நூறாவது கதவு ஒன்று உண்டு என்றும், அது மறுவுலகிற்குத் திறக்கும் என்றும் சொன்னார்கள். இன்று தொலைவிலுள்ள நகரங்களிலிருந்தும் இளைஞர்கள் படக்கருவியுடன் அதனைத் தேடி வருகின்றனர்.

அங்கு ஆவி உலவுகிறதா என்பதை ஒருபுறம் வைப்போம். ஒரு முதலாளியின் மரணம் இவ்வளவு பெரிய கதையாயிற்று. அதே மண்ணில் மாண்ட தொழிலாளர்களின் கதை எங்கே? மலாயாவில் 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும் வரையிலும் அதன் பின்னரும், காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் தோட்டங்களில் இறந்த தமிழர் மிகப் பலர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்த சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. அவர்கள் பெயரில் தொண்ணூற்றொன்பது கதவுகள் வேண்டா. ஒரு கதவுகூட இல்லை.

எனினும் ஊர் அவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. எந்தத் தோட்டத்திலும் முதியவர்கள் சுட்டிக்காட்டும் இடங்கள் சில இருக்கும். பாசாக்காட்டின் ஓரம், பழைய இடுகாடு, ஒற்றை மரத்தடி ஆகியவற்றைக் காட்டி, "இருட்டியபின் அந்தப் பக்கம் போகாதே" என்பார்கள். அங்கு யார் இறந்தார், எந்த ஆண்டில் இறந்தார், எதனால் இறந்தார் என்று கேட்டால் விடை வாராது. ஏதோ நடந்தது என்ற நினைவு மட்டும் அச்சமாக உருமாறி எஞ்சியிருக்கிறது. ஏடு எழுத வாய்ப்பில்லாத மக்கள் தம் இறந்தோரைப் பேயாக நினைவில் வைத்தார்கள் எனலாம்.

ஆனால் பேய்க்கதை குறையுள்ள வரலாறு. அஃது அச்சத்தைக் காப்பாற்றிப் பெயரை இழந்துவிடுகிறது. காய்ச்சலுக்கு மருந்தில்லாத மருத்துவமனையையும், குடிக்கத் தகாத ஆற்றுநீரையும் அது சுட்டுவதில்லை. மரத்தடி முனியை மட்டும் சுட்டுகிறது. ஆதலின் கதையைக் கேட்ட மாணவன், "அங்கு இறந்தவர் யார்?" என்று கேட்கப் பழக வேண்டும். அவ்வினாவிலிருந்துதான் வரலாறு தொடங்குகிறது.

அறிவியல் உடை பூண்ட கொள்கைகள்

முன்னோர் பேயைப் பேய் என்றே நம்பினர். இக்காலத்தில் அதற்கு அறிவியல் உடை அணிவிப்போர் பெருகிவிட்டனர். படித்தவர்களை மயக்குவன இவையே ஆதலின், இவற்றைச் சற்று ஆராய்தல் தகும்.

1882ஆம் ஆண்டில் இலண்டனில் உளநிகழ்வு ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அது 17,000 பேரிடம், விழித்திருக்கும்போது இல்லாத உருவத்தைக் கண்டதுண்டா, குரலைக் கேட்டதுண்டா என்று வினவி, 1894இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ பத்தில் ஒருவர் 'உண்டு' என்றனர். இஃது ஆவி உண்டு என்பதற்குச் சான்றாகாது. ஆனால் இத்தகைய அனுபவம் அரிதன்று என்பதற்கும், அதனைப் பெறுவோர் எல்லாரும் பித்தர் அல்லர் என்பதற்கும் நல்ல சான்று.

1907இல் டங்கன் மெக்டூகல் என்னும் அமெரிக்க மருத்துவர், இறக்கும் தறுவாயிலிருந்த அறுவரை எடை பார்த்து, உயிருக்கு எடை உண்டு என்று அறிவித்தார். 21 கிராம் என்று இன்றளவும் பேசப்படுவது அந்த அறுவருள் ஒருவரிடம் மட்டும் கிடைத்த அளவு. மற்றவர்களின் அளவுகள் ஒத்துவரவில்லை. ஆறில் ஒன்று பொருந்தியதை உண்மை என்று கொண்டு, ஐந்து பொருந்தாததை மறப்பது அறிவியலன்று.

கல்லும் சுவரும் பழைய துயரங்களைப் பதிவு செய்து, பின்னொரு நாள் ஒலிபரப்புகின்றன என்பது மற்றொரு கொள்கை. இக்கருத்து முன்னரே உலவியதாயினும், 1972இல் பிபிசி ஒளிபரப்பிய தொலைக்காட்சி நாடகம் ஒன்று அதனைப் பரப்பியது. ஒலிநாடாவில் பதிவதற்குக் கருவி வேண்டும். மீண்டும் கேட்பதற்கும் கருவி வேண்டும். கல்லில் பதிக்கும் கருவி எது, மீட்கும் கருவி எது என்று கேட்டால் இக்கொள்கையினர்க்கு விடை இல்லை.

"ஆற்றல் அழிவதில்லை என்று அறிவியலே சொல்கிறதே, இறந்தவரின் ஆற்றல் எங்கே போகும்?" என்று கேட்போர் உளர். மாணவர்கள் மிக விரும்பும் வாதம் இது. விளக்கு அணைந்தபின் சுடர் எங்கே போயிற்று என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். எண்ணெயின் ஆற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் பரவிவிட்டது. சுடர் என்பது தனிப்பொருளன்று. எரிதல் என்னும் நிகழ்ச்சி. இறந்த உடலின் ஆற்றலும் வெப்பமாய், மண்ணாய், மண்ணில் வாழும் நுண்ணுயிர்க்கு உணவாய் மாறுகிறது. ஆற்றல் அழியாது என்பது உண்மை. ஆனால் அது பெயரையும் முகத்தையும் பகையையும் சுமந்துகொண்டு திரிவதில்லை.

காந்தப்புலம் மூளையைத் தூண்டி ஆவியுணர்வை உண்டாக்குகிறது என்றார் கனடா நாட்டு ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர். இது பேயை நாட்டும் கொள்கையன்று. பேயுணர்வை விளக்கும் கொள்கை. ஆயினும் சுவீடன் நாட்டினர் 2005இல் வெளியிட்ட சோதனையில், காந்தப்புலம் இருந்தபோதும் இல்லாதபோதும் வேறுபாடு காணப்படவில்லை. எளிதில் வயப்படும் மனமுடையோரே ஏதோ ஒன்றை உணர்ந்தனர். மறுப்போரின் கொள்கையும் சோதனைக்குத் தப்ப முடியாது. அறிவியலின் பெருமை அதில்தான் உள்ளது. பேய்க்கொள்கைகளோ, எது நிகழ்ந்தால் தாம் பிழை என்று ஒப்புவோம் எனச் சொல்வதே இல்லை. பாட்டி சொன்ன பேய்க்கதை அவற்றைவிட நேர்மையானது. அது தன்னை அறிவியல் என்று கூறிக்கொள்ளவில்லை.

கண்டது பொய்யன்று

கொண்டது பிழையாயினும் கண்டது பொய்யாக வேண்டுவதில்லை. நள்ளிரவில் விழிப்பு வருகிறது. கையையும் காலையும் அசைக்க முடியவில்லை. மார்பின்மீது யாரோ அமர்ந்து அழுத்துகிறார். இதனை 'அமுக்குவான் பேய்' என்பர் நம்மவர். கனவு காணும் வேளையில் உடல் அக்கனவை நடித்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அத்தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், கனவும் நனவும் ஒரே அறையில் கலந்து நிற்கின்றன. கண்டவர் பொய் சொல்லவில்லை. அவர் உடல் அசையவில்லை என்பது உண்மை. அவர் அச்சம் உண்மை.

1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழொன்றில் வெளியான செய்தி இன்னும் வியப்பானது. பெரிய பழைய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தினர் காலடியோசை கேட்டனர், உருவங்களைக் கண்டனர், தலைவலியால் வாடினர். வீட்டுச் செடிகளும் வாடின. ஆராய்ந்தபோது, வீட்டைச் சூடாக்கும் உலை பழுதுபட்டுக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி கசிந்தது தெரியவந்தது. உலையைச் செப்பனிட்டதும் 'பேய்கள்' அகன்றன. அவர்களை எள்ளி நகையாடி அனுப்பியிருந்தால் குடும்பமே மாண்டிருக்கலாம். மந்திரவாதியிடம் அனுப்பியிருந்தாலும் அதே கதிதான். கண்டதை மதித்து, கொண்டதை ஐயுற்றவரே அவர்கள் உயிரைக் காத்தார்.

இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பணியாற்றிய விக் டேண்டி என்னும் பொறியாளர் ஆய்வகத்தில் இரவில் தனித்திருந்தபோது, கடைக்கண்ணில் சாம்பல்நிற உருவம் ஒன்றைக் கண்டார். மறுநாள் பற்றிறுக்கியில் பொருத்தியிருந்த வாளொன்று தானே அதிர்வதைக் கண்டு காரணம் தேடினார். புதிய விசிறியொன்று நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, செவிக்கெட்டாத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. அவர் தம் ஆய்வை 1998இல் வெளியிட்டார். இவ்விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டா. ஆனால் அஞ்சியவர் ஓடாமல் நின்று தேடினார் என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்கது.

பால்மரம் வெட்டிய நம் முன்னோரையும் எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன், நெற்றியில் சிறு விளக்குடன், நிரையில் தனியே நடந்தவர்கள் அவர்கள். விளக்கொளி அசையுந்தோறும் ஆயிரம் மரங்களின் நிழல்களும் அசையும். அடிமரத்தை ஆள் என்று மயங்கினால் இழப்பது ஒரு கணத்து நிம்மதி. ஆளை அடிமரம் என்று மயங்கினால் உயிரையே இழக்க நேரலாம். ஆகவே மனித மனம் ஐயம் வந்தால் 'ஆள்' என்றே முதலில் கொள்ளும். இது பேதைமையன்று; பிழைத்திருக்கக் கற்ற இனத்தின் பழக்கம்.

துயரமும் காட்சி தரும். 1971இல் டூவி ரீஸ் என்னும் மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைக் கண்டு பேசினார். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர், இறந்தவர் அருகிலிருப்பதை உணர்ந்ததாகக் கூறினர். பலர் அதுவரை ஒருவரிடமும் அதனைச் சொன்னதில்லை. ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, இறந்துபோன தன் பாட்டி காலையில் படுக்கையருகே வந்து நின்றதாக வகுப்பில் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். "பாட்டி என்ன செய்தார்?" என்று கேட்டேன். "தலை வாரிவிட வந்தாங்க ஐயா" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது பேய் உண்டு என்ற உறுதியுமன்று, இல்லை என்ற பாடமுமன்று. பாட்டியைப் பற்றிப் பேச யாரேனும் இடம் தர வேண்டியிருந்தது.

பேயின் வாயில் யார் பேச்சு?

வேறு வழியில் பேச இயலாதார் பேயின் வாயால் பேசுவதும் உண்டு. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வளாகம் திறக்கப்பட்டது. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற காலம் அது. நாட்டின் இத்தகைய தொழிற்சாலைகளில் பெண்கள் திடீரென அலறுவதும், ஒருவரைத் தொடர்ந்து பலர் மயங்கி விழுவதும் நிகழ்ந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியினுள் பேயைக் கண்டதாகச் சிலர் கூறினர். மானிடவியலாளர் ஐவா ஓங் சிலாங்கூரில் ஆராய்ந்து 1987இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆய்ந்தார். இடையறாத வேலை, கடுமையான கண்காணிப்பு, எதிர்த்துப் பேச இயலாத நிலை ஆகியவற்றின் நடுவே அப்பெண்களின் அலறல் ஒருவகை எதிர்ப்பாகவும் இருந்தது என்பது அவர் கருத்து. ஆலைகள் போமோவை அழைத்தன, ஆட்டைப் பலியிட்டன. வேலையின் கடுமையோ குறையவில்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய செய்தியே கிடைக்கிறது. தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபோக்கோவ், பேய் பிடித்தவராகக் கொண்டுவரப்படுவோருள் புதிதாக மணமான பெண்களே மிகுதி என்று கண்டார். கணவன் வீட்டில் வாழ ஒவ்வாத பெண், "எனக்கு இங்கே பிடிக்கவில்லை" என்று சொன்னால் அடங்காதவள் எனப்படுவாள். அதனையே பேய் சொன்னால் ஊர் கூடிக் கேட்கிறது. 2016 ஏப்ரலில் கிளந்தானின் பெங்காலான் செப்பாவில் மாணவியரும் ஆசிரியரும் கரிய உருவத்தைக் கண்டதாக அலற, பள்ளியே சில நாள் மூடப்பட்டது. அத்தகைய வேளையில், "எங்கே பேய்?" என்று தேடுவதைக் காட்டிலும், "இப்பிள்ளைகளை வருத்துவது எது?" என்று தேடுவதே பயன் தரும்.

இவ்வழியில் நமக்கு முன்னோடியாக ஓர் ஆசிரியர் இருக்கிறார். கேரளத்தில் பிறந்து, இலங்கையில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர்க் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் (1898–1978) ஓய்வு பெற்றபின் பேய் வீடுகளை ஆராய்ந்தார். இயற்கை கடந்த ஆற்றலை மெய்ப்பிப்போர்க்கு 1963இல் ஓர் இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். அதனை எவரும் வெல்லவில்லை. கல் விழும் வீடுகளுக்கு அவர் சென்றபோது, எறிந்த கையைத் தேடினார். அக்கையை எறியத் தூண்டிய மனத்துயரையும் தேடினார். மனத்துயர்க்கு மருத்துவம் செய்தபின் கல்மாரி நின்றது.

எல்லை எங்கே?

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கேடு?" என்று கேட்போரும் உளர். எல்லா நம்பிக்கையும் கேடு விளைப்பதில்லை என்பது மெய்யே. பினாங்குச் சீனர்கள் ஏழாம் திங்களில் பசித்த ஆவிகளுக்குப் படைத்து, கூத்துமேடையின் முன்வரிசை இருக்கைகளை அவற்றுக்கென ஒதுக்குகின்றனர். அவ்விழாவையொட்டி 1970கள் தொட்டுத் திரட்டப்பட்ட நிதி சீனப்பள்ளிகளுக்கும் துணைபுரிந்திருக்கிறது. இறந்தோர்க்கு இட்ட படையல் குழந்தைகளின் கல்விக்குப் பயன்பட்டால் அதனைப் பழிப்பவர் யார்?

ஆனால் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் இராமநாதபுர மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறத்தல் ஆகாது. பேய் பிடித்தவர், ஆவி பற்றியவர் என்று கருதப்பட்டுக் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளர் அங்குத் தனியார் காப்பகங்களில் தங்கியிருந்தனர். ஒரு கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டுண்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் நோய் உண்மையானது. அவர்கள் குடும்பத்தாரின் துயரமும் உண்மையானது. மருந்து கிடைக்க வேண்டிய இடத்தில் சங்கிலி கிடைத்தமைக்குக் கொண்ட விளக்கமும் ஒரு காரணம். நாட்டில் மனநல மருத்துவம் எளிய மக்களுக்கு எட்டாமலிருந்தது மற்றொரு காரணம்.

எல்லை இங்குப் புலப்படுகிறது. ஒரு நம்பிக்கை, துயருற்றவரை நோக்கி நம்மை நடக்கச் செய்யுமாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். துயருற்றவரைக் கட்டி வைத்து, "காரணம் தெரிந்துவிட்டது" என்று நம்மைத் திரும்பச் செய்யுமாயின், அதனை எதிர்த்தே ஆக வேண்டும். பேயை நம்புதலால் வரும் பெருந்தீங்கு அச்சமன்று, தேடலை நிறுத்திவிடுதலே. எள்ளல் செய்யும் தீங்கும் அதுவே.

"அறிவியலால் எல்லாவற்றையும் விளக்க முடியுமா?" என்று மாணவர் கேட்பர். இன்று முடியாது என்றே நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்னும் விளக்கப்படாதது என்பது வேறு. விளக்கவே இயலாதது என்பது வேறு. விளக்கம் கிடைக்காத இடத்தில் "அறியேன்" என்று நிற்பதற்குத் துணிவு வேண்டும். அவ்வெற்றிடத்தில் அவசரப்பட்டுப் பேயை அமர்த்துவது அத்துணிவு இல்லாமையே.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்தமுறை வகுப்பறை இருண்டு அவ்வினா எழும்போது, விடை சொல்ல விரைதல் வேண்டா. நீ கண்டது என்ன? எங்கே, எப்போது கண்டாய்? அப்போது உறங்கி எழுந்தாயா, நோயுற்றிருந்தாயா, யாரையேனும் இழந்து வருந்தினாயா? அதனைப் பேய் என்று உனக்குச் சொன்னவர் யார்? வேறு எவ்வாறு இருக்கக்கூடும்? இவ்வினாக்களை அன்போடு கேட்போம். விடையைப் பிள்ளையே தேடட்டும். அவ்வாறு தேடிப் பழகிய பிள்ளை இருளில் அஞ்சாமல் நடக்கும். இருளில் அஞ்சி நிற்கும் இன்னொருவரைக் கண்டால் எள்ளாமல் கைபிடித்தும் அழைத்துவரும். அறிவும் அருளும் சேர்ந்த அத்தகைய மாணவரை உருவாக்குவதே கல்வியின் பயன்.